பல்கலைக்கழகக் காப்புரிமைகளின் எண்ணிக்கை குறைவாக வருகிறது: எங்கே பிழை?

ஆய்வுமாணவி:
ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் பெற்ற காப்புரிமைகளை ஆண்டுவாரியாகத் தொகுத்து வருகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை இட்டுத் தேடினால் மிகச் சிலவே கிடைக்கின்றன. கடைசி இரண்டு ஆண்டுகளில் வரைபடம் செங்குத்தாகச் சரிகிறது. அத்தியாயத்தை உடனே ஒப்படைக்க வேண்டும். தயவுசெய்து உதவுங்கள்.

தரவுத்தச்சன்:
எந்த நாட்டுத் தரவு? எண்ணுவது விண்ணப்பங்களையா, வழங்கப்பட்டவற்றையா? ஆண்டு என்பது விண்ணப்பித்த ஆண்டா, வழங்கிய ஆண்டா?

மூத்த உறுப்பினர்:
காப்புரிமை நடைமுறையின் அரிச்சுவடியைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. விண்ணப்பங்கள் பொதுவாக முன்னுரிமை நாளிலிருந்து, அதாவது முதல் விண்ணப்பம் பதிவான நாளிலிருந்து, 18 மாதங்கள் கழித்தே வெளியிடப்படுகின்றன. சரிவுக்கு அதுவே காரணம். வேறெதையும் தேட வேண்டியதில்லை.

கலைமணி:
ஐயா, அது சரிவை மட்டுமே விளக்கும். பெயர்தான் முதன்மையான சிக்கல் என்பது என் கருத்து. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் காப்புரிமைகள் 'த ரீஜென்ட்ஸ்' எனத் தொடங்கும் ஆட்சிக்குழுப் பெயரிலும், ஸ்டான்ஃபோர்டினுடையவை 'லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஜூனியர்' என்ற முழுப்பெயர் தாங்கிய அறங்காவலர் குழுவின் பெயரிலும் இருக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் காப்புரிமைகளுக்கென 1925இல் தொடங்கிய தனி அறக்கட்டளை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் வழங்கும் நிறுவனமோ 2016 வரை 'ஐசிஸ் இன்னொவேஷன்' என்றே இயங்கியது.

வடகாற்று:
ஐரோப்பாவானால் பெயர்களைத் திருத்தினாலும் போதாது. ஜெர்மனியில் 2002 வரை பேராசிரியரின் கண்டுபிடிப்பு அவருக்கே உரியது. சுவீடனில் இன்றும் அப்படித்தான். அவற்றில் பல தொழில் நிறுவனங்களின் பெயரில் பதிவாகியிருப்பதால், கண்டுபிடிப்பாளர் பெயர்களைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் முழுக் கணக்கு கிடைக்கும்.

மூத்த உறுப்பினர்:
அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு பே-டோல் சட்டம்தான், அதாவது அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்களே உரிமையாக்கிக்கொள்ள வழிவிட்ட சட்டம்தான், பல்கலைக்கழகங்களைக் காப்புரிமைப் பக்கம் திருப்பியது. அதற்கு முந்தைய எண்ணிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம்.

கலைமணி:
இதை ஏற்க முடியாது. ஸ்டான்ஃபோர்ட் தன் உரிம அலுவலகத்தை 1970இலேயே தொடங்கிவிட்டது. மரபணு ஒட்டுமுறைக்காக அதைக் கண்டுபிடித்த கோஹென், போயர் ஆகிய இரு அறிவியலாளர்களின் விண்ணப்பம் 1974 நவம்பரில் பதிவானது. ஆய்வுக்கட்டுரை முந்தைய ஆண்டே வெளியாகிவிட்டதால் அமெரிக்காவுக்கு வெளியே உரிமை கிட்டவில்லை. மேலும், உயிருள்ள நுண்ணுயிருக்கும் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன, சக்கரவர்த்தி என்ற அறிவியலாளரின் வழக்கின் தீர்ப்பும் அதே 1980இல்தான் வந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்திருக்க, எழுச்சி முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமன்று.

தரவுத்தச்சன்:
அதைத் தனி இழையில் விவாதியுங்கள். கேட்டவருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

ஆய்வுமாணவி:
அமெரிக்கத் தரவு, வழங்கப்பட்டவை, விண்ணப்பித்த ஆண்டுப்படி. ஆட்சிக்குழுப் பெயரை இட்டதும் விடுபட்டவை வந்துவிட்டன. கடைசி இரண்டு ஆண்டுகளை நீக்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

தரவுத்தச்சன்:
இரண்டு ஆண்டுகள் போதாது, சகோதரி. வழங்கப்பட்டவற்றை எண்ணுவதால் உங்கள் சரிவுக்குக் காரணம் 18 மாத விதியன்று, பரிசீலனைத் தாமதம். அது பல ஆண்டுகள்கூட நீளலாம். விண்ணப்பத்துக்கும் வழங்கலுக்கும் இடைப்பட்ட காலத்தை உங்கள் தரவிலேயே கணக்கிட்டு, அதற்கேற்ப இன்னும் பின்னால் வெட்டுங்கள்.