பரங்கிமலை: ஒரு சர்வேயரின் அனுபவம்

நிலம் அளக்கிற வேலையில் இருப்பவன் நான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அடிக்கடி சொல்வார்: "சென்னையில் அளவுச் செயின் பிடிச்சவன் பரங்கிமலைக்கு ஒரு தடவையாவது போய் வந்துடணும்." போக ஆரம்பித்த பிறகு விடவே முடியவில்லை. உயரம் சுமார் 300 அடிதான். ஆனால் தட்டையான இந்தக் கடற்கரைச் சீமையில் அதுவே தாராளம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம் விரிந்து கிடக்கும். கோட்டையிலிருந்து இந்த மலைக்கு வருகிற வழி என்பதால்தான் இன்றைய அண்ணா சாலைக்கு மவுண்ட் ரோடு என்று பெயர் வந்தது.

மேலே வருகிறவர்களில் பாதிப் பேர் விமானம் இறங்குவதைப் பார்க்க வருகிறார்கள். வரட்டும், அழகான காட்சிதான். ஒருநாள் சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கிருக்கும் மார்பளவுச் சிலை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்து, "அங்கிள், இவர் யாரு? சாமியாரா?" என்று கேட்டாள். வில்லியம் லாம்டன், ராணுவ சர்வேயர் என்றேன். எவரெஸ்ட்டின் உயரத்தைக் கண்டுபிடித்த கணக்கு இந்த மலையடியில்தான் தொடங்கியது என்று சொன்னதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைப் பக்கம் தொடங்கி தெற்கே பெரும்பாக்கம் வரை ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை லாம்டன் அளக்க ஆரம்பித்தார். எங்கள் பாஷையில் பேஸ்லைன். முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தரையில் துல்லியமாக அளந்துவிட்டால் போதும், மிச்சத்தைக் கோணங்களை வைத்துக் கணக்குப் போட்டே கொண்டுபோகலாம். ஆனால் அந்த முதல் கோடு பிசகினால் அதன்மேல் வருகிற அத்தனையும் பிசகும். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் மறைப்புக் கட்டி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டைக் குறித்துக்கொண்ட பிறகே அளவை எழுதினார்கள். அப்புறம் எல்லாவற்றையும் தூக்கி அடுத்த 100 அடிக்கு நகர்த்த வேண்டும். இப்படி 400 தடவை. முடிய 57 நாள் ஆனது.

"இரும்புதானே, சூட்டில் எவ்வளவு நீளப்போகுது?" என்றான் ஒரு பையன். நல்ல கேள்வி. 100 அடி எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. அந்தப் பெண் செல்போனிலேயே கணக்குப் போட்டாள். 10 டிகிரி கூடினால், 12 கிலோமீட்டருக்குச் சேரும் பிசகு 1.4 மீட்டர் சொச்சம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவுக் கருவியில் ஒரு பொத்தானை அமுக்கி அளவெடுக்கிற எனக்கு, அந்த மரப்பெட்டிகளை நினைத்தால் இன்றைக்கும் கைகூப்பத் தோன்றும்.

இங்கிருந்து கிளம்பிய முக்கோணங்கள் மேற்குக் கரையைத் தொட்டபோது, 400 மைல் என்று வரைபடங்களில் இருந்த தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் என்று தெரியவந்தது. கோணம் அளக்கிற, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்ட கதையும் உண்டு, 1808ல். லாம்டன் 1823ல் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே ஹிங்கன்காட்டில் இறந்துபோனார். அடுத்து வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். பிற்பாடு அவர் பெயர் வைக்கப்பட்ட சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 29,002 அடி என்று 1856ல் அறிவித்தார்கள்.

மலைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அதை எனக்குக் காட்டியது படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா. மகளுக்கு எட்டாம் மாதம், அதற்காக வேண்டிக்கொண்டு ஏறுகிறார். மேலே இருப்பது எதிர்பார்ப்பின் அன்னை ஆலயம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக வேண்டுகிறவர்கள் நிறைய வருவார்கள். "இந்தப் படியைக் கட்டின புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கணும்" என்றார். கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், ஆர்மீனிய வணிகர் என்றேன். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே முதல் பாலத்தையும் 1726ல் தன் சொந்தக் காசில் கட்டியவர் அவர்தான். யாத்திரை வருகிறவர்கள் ஆற்றைக் கடக்கப் பாலம், மலை ஏறப் படி. எங்கிருந்தோ வந்து இங்கே சம்பாதித்து இந்த ஊர்க்காரர்களுக்கே செலவழித்த மனிதர். அந்தப் பாலம் இப்போது இல்லை, அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. அந்த அம்மா அவர் பெயரை ரெண்டு முறை கேட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, "அவருக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏத்திடறேன் தம்பி" என்று எழுந்தார்.

கோயிலுக்குள் பீடத்தில் இருக்கும் கற்சிலுவையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே ஒரு புறா தலைகீழாக இறங்குகிற மாதிரி செதுக்கியிருக்கும், சுற்றிலும் பஹ்லவி எழுத்து, அதாவது பாரசீகத்தின் பழைய எழுத்து. இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 72ல் இந்த மலையில் உயிர்விட்டார் என்பது மரபு. போர்த்துக்கீசியர் 1523ல் இங்கே கோயில் எழுப்பினார்கள். 1547ல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததுதான் இந்தச் சிலுவை. போர்த்துக்கீசியர் கப்பலேறுவதற்கு எத்தனையோ காலம் முன்பே பாரசீகத்தோடு தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த எழுத்தே சாட்சி. இதைவிட முக்கியமான கல் சென்னையில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. மலைப் பாறையே பேர்பெற்றதுதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போனது. அதைவைத்துத்தான் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பாறை வகைக்கு சார்னகைட் என்று பெயரிட்டார். தேசியப் புவியியல் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள். இன்னொரு முறை, ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் கீழே கையைக் காட்டி, 1759 பிப்ரவரியில் லாலியின் பிரெஞ்சுப் படையை யூசுப் கான் எதிர்த்து நின்றது இந்த மண்ணில்தான் என்று, நேற்று நடந்த மாதிரி விவரித்தார். நம்ம மருதநாயகம்தான் அந்த யூசுப் கான்.

போகிறவர்கள் காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டி போகிற சாலை இருக்கிறது. ஒரு பைனாகுலர் எடுத்துக்கொண்டு தெற்கே பெரும்பாக்கம் பக்கம் பாருங்கள். அடுக்குமாடிகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, லாம்டன் பார்த்த வெட்டவெளி இல்லை. அந்தப் பழைய கோட்டின் வழியே பெரும்பாக்கம் வரை ஒருநாள் நடந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். யாராவது ஏற்கெனவே நடந்திருந்தால் எந்த வழியாகப் போனீர்கள் என்று எழுதுங்கள்.