உபரி வாக்குச் சீட்டுகளில் எவற்றை எடுப்பது? கார்க் நகரிலிருந்து ஒரு உதவி

வணக்கம். அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஐரிஷ் குடியுரிமை தேவையில்லை. இங்கு வசித்தாலே வாக்குரிமை உண்டு. 2024 ஜூன் 7 அன்றுதான் முதன்முறையாக வாக்களித்தேன். அடுத்த தேர்தல் 2029-இல். அதற்குள் நம்மவர்களுக்கு இங்குள்ள ஒற்றை மாற்று வாக்கு முறையை (வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை குறிக்கும் முறை) புரியவைக்க வேண்டும் என்று நண்பர்களோடு ஒரு மாதிரி எண்ணிக்கை நடத்தினேன். கடைசி இடத்தில் சிக்கிக்கொண்டோம்.

விவரம்: 4 இடங்கள், 500 செல்லும் வாக்குகள், கோட்டா (வெல்லத் தேவையான வாக்குகள்) 101. ஒருவருக்கு முதல் சுற்றில் 92. வேறொருவர் நீக்கப்பட்டதும் 21 சீட்டுகள் வந்து 113 ஆனது. கோட்டாவுக்கு மேல் உபரி 12; அதை அடுத்த விருப்பத்தில் உள்ளவர்களுக்கு மாற்ற வேண்டும்.

முதலில் 113 சீட்டுகளையும் பிரித்துப் பார்த்தோம். அது தவறு, கடைசியாக வந்த சீட்டுக்கட்டை மட்டுமே பார்க்க வேண்டும் என்று விதியில் படித்தேன். சரி, அந்த 21-இல் அடுத்த விருப்பம் 15 பேர் குமரனுக்கு, 3 பேர் செல்விக்கு (கற்பனைப் பெயர்கள்), மீதி 3-இல் அடுத்த விருப்பமே இல்லை. விகிதப்படி குமரனுக்கு 10, செல்விக்கு 2.

அந்த 15-இல் வெவ்வேறு 10 சீட்டுகளை எடுத்து இரண்டு முறை எண்ணினோம். குமரன் பிறகு நீக்கப்பட்டு, அந்தச் சீட்டுகள் அவற்றில் உள்ள அடுத்த விருப்பத்துக்குப் போனதால், கடைசி இடம் ஒவ்வொரு முறையும் வேறு ஆளுக்குப் போனது! இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

எண்ணும் மையத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: அந்த 15 சீட்டுகளில் எந்த 10-ஐ எடுப்பது என்று அங்கே எப்படி முடிவு செய்கிறார்கள்?