ஆலா முட்டையிட்ட மணல்மேட்டில் செடி என்ன ஆகிறது? பார்த்தவர்கள் எழுதுங்கள்

உப்புக்காற்று (ராமேஸ்வரம்):

பறவை எச்சம் விழுந்த இடத்தில் செடி தளதளவென்று வரும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். தோட்டத்துக்கு அது சரி. கடற்கரை மணல்மேட்டுக்கும் அப்படித்தானா என்பது எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஆலாவோ வேறு கடற்பறவையோ முட்டையிடும் இடத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். பறவையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், அதன் காலடியில் என்ன செடி இருந்தது, எப்படி இருந்தது என்றும் சொல்லுங்கள். கூடு இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் போட வேண்டாம்.

முதலில் என் பங்கு. தனுஷ்கோடிப் பக்கம் நான் அதிகம் பார்த்தது சின்ன ஆலாவைத்தான். அது கூடு கட்டுகிறது என்று சொல்வதே அதிகப்படி. நெஞ்சை மணலில் அழுத்தி, சுற்றித் திரும்பி, காலால் மணலைத் தள்ளி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி போடும், அவ்வளவுதான். அதில் இரண்டு அல்லது மூன்று முட்டை. மணல் நிறத்தின் மேல் பழுப்புப் புள்ளி. பைனாகுலரை ஒரு நொடி இறக்கினால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம்.

நான் பார்த்த ஒரு குழியின் விளிம்பை ஒட்டி அடம்பங்கொடி ஓடியது. அதன் இலையில் வெள்ளையாக ஒரு சொட்டு. மற்றபடி கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை, செழித்ததாகவும் தெரியவில்லை. காரணம் இருக்கிறது. சின்ன ஆலா நெருக்கி அடித்து முட்டையிடாது, குழிக்குக் குழி நல்ல இடைவெளி விடும். அது போடும் எச்சத்தைக் காற்றும் மணலும் மூடிவிடும், மிச்சத்தை ஐப்பசி மழை கீழே கொண்டுபோய்விடும். மணலுக்கு எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் கிடையாது.

அங்கே எனக்குப் பட்டது தலைகீழான சங்கதி. பறவையால் செடிக்கு ஆவதைவிட, செடியால் பறவைக்கு ஆவதுதான் அதிகம். உச்சி வெயிலில் மணல் கொதிக்கும்போது குஞ்சு தத்தித் தத்தி ராவணன் மீசைப் புதருக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். அந்தப் புல்லின் நுனி காலில் குத்தினால் ஆளே அலறிவிடுவான், நாயும் அவ்வளவு சுலபமாக மூக்கை நுழைக்காது. ஆனால் முட்டையை அந்தப் புதருக்குள் வைக்குமா என்றால் வைக்காது. முட்டைக்குச் சுற்றிலும் பார்வை தெரிகிற வெட்டவெளி வேண்டும், குஞ்சுக்கு நாலு எட்டில் நிழல் வேண்டும்.

பெரிய கூட்டமாக முட்டையிடும் இடங்களைப் பார்த்தவர்கள் சொன்னால்தான் மீதிக் கதை தெரியும்.

சோளகம் (தலைமன்னார்):

அண்ணை, உங்களுக்கு அந்தக் கரையில் இருப்பது சின்னவன். எங்கட பக்கம் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளில் பெரிய கொண்டை ஆலா கூட்டமாக முட்டையிடும். 2015இல் அந்தத் திட்டுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அனுமதி எடுத்துத்தான் போகலாம், அதுவும் கரை இறங்காமல் படகிலிருந்து பார்ப்பதுதான் மரியாதை. சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில்தான் அவை அங்கே இருக்கும்.

காற்று நம் பக்கம் திரும்பினால் போதும், கண் எரியும். மாட்டுக்கொட்டகை நாற்றம் என்று நினைக்காதீர்கள், இது சுத்தமான அம்மோனியா. கொண்டை ஆலா ஒரு முட்டைதான் இடும். ஆனால் பக்கத்து ஆலாவின் அலகு எட்டாத அளவுக்கு மட்டும் இடம் விட்டு, அடுத்தடுத்து உட்கார்ந்துவிடும். நடுவில் மணல் தெரியாது. வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு பொருக்கு. அந்த நடுப்பகுதியில் பச்சை என்று ஒன்றும் இல்லை. ஓரத்தில் அகப்பட்ட அடம்பு இலைகளைப் பைனாகுலரில் பார்த்தேன்: மேற்புறம் வெள்ளையாய் மூடி, விளிம்பு தீய்ந்து சுருண்டு கிடந்தது. கூட்டத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, எச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் இடத்தில் அதே கொடி கரும்பச்சையாக நின்றது. ஒரே கொடி, ஒரே உரம், அளவுதான் வேறு.

எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைத்து அமோனியமாக்கும். எங்கட மணலில் சிப்பித்தூள் அதிகம், காரத்தன்மை உள்ளது. அதனால் அதில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகக் கிளம்பிவிடும், அதுதான் கண்ணை எரித்தது. மிச்சம் நைட்ரேட்டாக மாறி மழையோடு இறங்கிவிடும். பாஸ்பரஸ் அப்படி ஓடாது. சுண்ணாம்போடு சேர்ந்து அங்கேயே தங்கும். இதுபோக பறவை கொண்டுவருகிற உப்பு, மிதி, குஞ்சுகள் கும்பலாய் ஓடுகிற ஓட்டம். செடி எதற்கென்று தாங்கும்?

ஆனால் இந்தத் திட்டுகள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. வாடைக் கடல் ஒரு பக்கம் அரித்து இன்னொரு பக்கம் சேர்க்கும். பறவை எரித்த இடம் அடுத்த முறை தண்ணீருக்குள்ளும் இருக்கலாம். அதனால் பறவைதான் செடியைக் கொன்றது என்று அங்கே நின்று ஒரேயடியாகச் சொல்ல நான் துணியமாட்டேன்.

மறக்க முன் இன்னொன்று. கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு ஓடுகிற கறுத்த முதுகு ஆலா ஒன்று உண்டு. அது வெட்டவெளியில் இடாது. செடிக்கு அடியில், கல்லுக்கு அடியில் ஒளித்துத்தான் இடும். ஆக ஆலா எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட முடியாது.

கிளாட்ஸ்டன் அக்கா (குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா):

தம்பி சொன்ன அந்த “அளவு” விஷயத்துக்கு இங்கே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கிளாட்ஸ்டனிலிருந்து படகில் போகிற ஹெரன் தீவு. பவளமணல் குவிந்து உண்டான தீவு, அதன் நடுவில் அடர்ந்த காடு. முதல் தடவை போனபோது இலையைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டு வேலியோரம் கிளை ஒடித்து நடுவோமே, மூட்டுவலிக்குத் துவையல் அரைப்போமே, அந்த லெச்சக்கொட்டைக் கீரை! அறிவியல் பெயர் பைசோனியா. கீரையாகவே பார்த்துப் பழகிய எனக்கு, அது பருத்த அடிமரத்தோடு காடாக நிற்பதை நம்ப முடியவில்லை.

அந்தக் காடே கடற்பறவைகளோடு சேர்ந்து வாழ்கிற காடு. ‘நாடி’ என்று இங்கே சொல்கிற கருநிற ஆலா அந்த மரத்தின் உதிர்ந்த இலையை எடுத்து, தன் எச்சத்தையே பசையாக வைத்து, கிளையில் கூடு ஒட்டுகிறது. கீழே ஷியர்வாட்டர் என்கிற பறவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது. நடக்கும்போது பாதையைவிட்டு இறங்கினால் கால் வளைக்குள் புதைந்துவிடும், கூடும் போய்விடும். இவ்வளவு எச்சம் விழுந்தும் மரம் கருகவில்லை. இந்த மரத்துக்கு அது பழகிய சாப்பாடு. விதையும் பறவை மேல் ஒட்டிக்கொண்டுதான் தீவு தீவாகப் போகிறது. அந்தப் பிசின் பொல்லாதது. விதைக்கொத்து இறகில் அப்பிக்கொண்டால் பறவை பறக்க முடியாமல் செத்தும் போகும். நான் அப்படி ஒன்றைப் பார்த்தேன், இரண்டு இறக்கையும் உடம்போடு ஒட்டிப்போய் மரத்தடியில் கிடந்தது. உறவு என்றால் இனிப்பாக மட்டும் இருக்கும் என்று யார் சொன்னது?

அதே பவளத்தொடரில் லேடி எலியட் தீவுக்கும் போயிருக்கிறேன். அங்கே 1863 முதல் 1873 வரை பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டி எடுத்தார்கள். மேல்மண்ணோடு மரமும் போய் தீவு மொட்டையானது. 1960களின் கடைசியில்தான் மறுபடி மரம் நடத் தொடங்கினார்கள். இன்றைக்குப் போனால் பறவைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எச்சத்தை அள்ளிய பத்து வருஷத்தின் கடனை நூறு வருஷத்துக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பரதவன்:

நேரில் பார்த்தது இல்லை, படித்ததுதான், ஆனால் இங்கே பொருந்தும். அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளில் தோல் வியாபாரிகள் நரியைக் கொண்டுவந்து விட்டார்கள். நரி கடற்பறவைகளைத் தின்று தீர்த்தது. எச்சம் நின்றது. அதன்பின் அந்தத் தீவுகளில் உயரமான புல்வெளி போய், குட்டையான புதரும் சிறு பூண்டுகளும் மண்டிவிட்டன. நரி போகாத தீவுகளில் புல் அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு 2005இல் ஆய்வு வெளியானது. பறவை என்ன கொடுத்தது என்பது பறவை போன பிறகுதான் தெரிந்திருக்கிறது.

மணலூரான் (நாகை):

எல்லோரும் எச்சத்தையே பேசுகிறீர்கள். எங்கள் கரையில் பிரச்சினையே வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு அலைத்தடுப்பு என்று மணல்மேடு முழுக்கச் சவுக்கு நட்டார்கள். நட்டவர்கள் நல்லெண்ணத்தில்தான் நட்டார்கள், அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் சவுக்குச் சருகு ஒரு சாண் கனத்துக்கு மூடிய இடத்தில் அடம்பும் வராது, ராவணன் மீசையும் வராது. ஆலா வெட்டவெளி தேடுகிற பறவை, மரத்தடியில் எதற்கு உட்காரப்போகிறது? மரத்தில் காக்கை உட்கார்ந்து முட்டையை நோட்டம் விடும், அது வேறு.

படம் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கூட்டத்துக்குள் நடந்தால் ஆலா எல்லாம் எழும்பித் தலைக்கு மேல் கத்தும். பார்க்க அழகாக இருக்கும். அந்த நேரம் முட்டை வெயிலில் வேகிறது. காக்கை உங்கள் பின்னாலேயே வரும்.

இப்போது என் கேள்வி. எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஒரு மணல்மேட்டில் சவுக்கு பட்டுப்போன இடமாகப் பார்த்து அடம்பு நடலாம் என்று இருக்கிறார்கள். நட்டால் ஆலா வருமா?

உப்புக்காற்று (ராமேஸ்வரம்):

வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது அண்ணே. ஆனால் வர விடாமல் செய்யாமல் இருக்கலாம். மேடு முழுக்க ஒரே சீராக நட வேண்டாம். கடல் பார்த்த பக்கம் அங்கங்கே நாலைந்து பாய் விரிக்கிற அளவுக்கு வெறும் மணலாக விட்டுவிடுங்கள், அதன் ஓரத்தில் அடம்பு ஓடட்டும், ராவணன் மீசை இருந்தால் பிடுங்காதீர்கள். அதன் விதை உருண்டை காற்றில் உருண்டுபோய்த் தானே ஊன்றிக்கொள்ளும், நீங்கள் நடவே தேவையில்லை. நடுகிற வேலையை ஐப்பசி மழையோடு வைத்துக்கொண்டால் தண்ணீர் சுமக்க வேண்டாம், முட்டைக் காலத்தில் மேட்டில் ஆளும் நடமாட மாட்டார்கள். உரம் எதுவும் போடாதீர்கள். மணல்மேட்டுச் செடி கொஞ்சத்தில் வாழப் பழகியது. உரம் போட்டால் களைதான் முந்தும்.

சின்ன ஆலா வந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. கொண்டை ஆலா கூட்டமாக வந்தால் நடுவில் நட்டதெல்லாம் கருகும், தலைமன்னார்த் தம்பி சொன்னதைப் பார்த்தீர்களே. அப்படிக் கருகினால் பையன்களிடம் மறுபடி நடச் சொல்லாதீர்கள். ஓரத்தில் இருக்கிற கொடி மழைக்கு அப்புறம் தானே உள்ளே வரும்.

நாய்க்கு என்ன வழி என்று யாராவது எழுதுங்கள். எங்கள் பக்கம் மீன் கழிவைக் கரையிலேயே கொட்டுவதால் நாய் பெருகிவிட்டது, அதற்கு எனக்கு விடை தெரியவில்லை.