ஆசிரியப் பணியின் மனநிறைவை ஊதியத்தோடு சேர்த்துக் கணக்கிடலாமா?

மலையோரப்பள்ளி எழுதியது:

ஓசூரில் இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும்போது, ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுத் தகுதித் தேர்வு எழுதி ஏன் காத்துக் கிடக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தப் பணியில் என்ன கிடைக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. நான் கிருஷ்ணகிரி மாவட்ட மலைப்பகுதியான அஞ்செட்டிப் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். நாள் முழுவதும் தமிழைக் கேட்பது பள்ளியில் சேர்ந்த பிறகுதான். சேர்ந்த புதிதில் வாயே திறக்காத ஒரு சிறுமி, இரண்டாம் வகுப்புக்கு வந்தபின் ஒரு மாலை நேரத்தில், பேருந்தின் முகப்பில் இருந்த ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துத் தன் பாட்டிக்குச் சொன்னாள். அதுவரை அந்தப் பாட்டி வருகிற ஒவ்வொரு பேருந்திலும் நடத்துநரைக் கேட்டுத்தான் ஏறுவார். யாரும் படிக்கச் சொல்லாமல், தேவைப்பட்டதால் அவளாகவே படித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு அன்று கிடைத்த மகிழ்ச்சியை வேறு எந்த வேலையும் தந்திருக்காது.

தருமபுரிக்காரன் எழுதியது:

அம்மையீர், உங்கள் மகிழ்ச்சியை நான் ஐயப்படவில்லை. அந்த மகிழ்ச்சியைக் காட்டியே ஆசிரியர்களின் வாயை அடைக்கிறார்கள் என்பதுதான் என் வாதம். தனியார் பள்ளியில் சில காலம் கணிதம் நடத்திவிட்டு வெளியேறியவன் நான். சம்பள உயர்வு கேட்டபோதெல்லாம் ஆசிரியப் பணி அறப்பணி என்ற பதிலே வந்தது. அதே நிர்வாகம் கட்டணத்தை உயர்த்தும்போது அறத்தை ஒருமுறையும் நினைக்கவில்லை. அரசுப் பள்ளிகளிலும் நிலைமை முற்றிலும் வேறன்று. தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கும் இடைநிலை ஆசிரியர்களில், 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் ஆனது. இருவரும் ஒரே வகுப்பை, ஒரே பாடநூலைக் கொண்டுதான் நடத்துகிறார்கள். 2012இல் பகுதிநேரமாக நியமிக்கப்பட்ட ஓவிய, உடற்கல்வி ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் அமர்ந்த காட்சிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்தது என்று வீட்டு உரிமையாளரிடம் சொன்னால் வாடகையைக் குறைப்பாரா?

மலையோரப்பள்ளி எழுதியது:

குறைக்க மாட்டார். ஊதியத்துக்குப் பதிலாக நிறைவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லவில்லை. நீங்கள் குறிப்பிடும் அந்த 2009ஆம் ஆண்டு முரண்பாட்டுக்காகப் போராடியவர்கள்தாம், வகுப்பறைக்குத் திரும்பியதும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறார்கள். இரண்டில் ஒன்று இருந்தால் மற்றது பொய் என்று ஏன் கருத வேண்டும்?

அரூர் ஓய்வாசிரியர் எழுதியது:

இருவரும் பேசாத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. மகிழ்ச்சிக்காகக் கற்பிக்கும் ஆசிரியர், தம்மை அறியாமலேயே, மகிழ்ச்சி தரும் மாணவர்களின் பக்கம் சாய்ந்துவிடுவார். அப்பா அம்மாவோடு திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய், பாதி ஆண்டில் திரும்பி வந்து, எதுவும் புரியாமல் கடைசி வரிசையில் உட்காரும் பையன் நமக்கு எந்த இன்பத்தையும் தருவதில்லை. நாம் அதிகம் தேவைப்படுவது அவனுக்குத்தான். பத்தாம் வகுப்போடு திருமணம் பேசப்பட்ட ஒரு மாணவியின் வீட்டுக்கு நான் போனபோது, அவளுடைய தந்தை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. அன்று அது இருந்திருந்தால் எனக்குப் பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். திருமணம் தள்ளிப்போனது, அவள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். அதில் நிறைவு இருந்ததா என்று கேட்டால், பயம்தான் அதிகமாக இருந்தது. கடமை என்ற ஒன்று இருந்ததால் போனேன்.

மலையோரப்பள்ளி எழுதியது:

ஐயா, உங்கள் எச்சரிக்கை உயர்நிலை வகுப்புகளுக்குப் பொருந்தலாம். தொடக்க வகுப்பில் என் அனுபவம் நேர்மாறானது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். மலர் நிலையில் இருக்கும் பிள்ளை நான் விடுப்பில் இருந்தாலும் படித்துவிடும். அரும்பிலிருந்து மொட்டுக்கு நகர்கிற பிள்ளைதான் என்னை ஊருக்குப் போகும் வழியெல்லாம் தானாகச் சிரிக்க வைக்கிறது.

தருமபுரிக்காரன் எழுதியது:

அப்படியானால் ஒன்று கேட்கிறேன். நிறைவு அவ்வளவு பெரிதென்றால், இடமாறுதல் கலந்தாய்வில் மலைப்பகுதிப் பள்ளிகளுக்குத்தானே ஆசிரியர்கள் முந்த வேண்டும்? எல்லோரும் ஏன் நகரத்தையும் நெடுஞ்சாலை ஓரத்தையும் கேட்கிறார்கள்?

மலையோரப்பள்ளி எழுதியது:

பேருந்து வசதி இல்லை, எமிஸ் என்ற கல்வித் துறைச் செயலியில் வருகைப்பதிவு ஏற்றக் குன்றின் மேல் ஏறி அலைவரிசை தேட வேண்டும், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆள் இல்லை. இவற்றைத் தீர்க்க வேண்டியது அரசு. என் மனநிறைவு அன்று. நானும் அடுத்த கலந்தாய்வில் கிருஷ்ணகிரிக்கு அருகில் இடம் கேட்கப் போகிறேன். கிடைத்தால், அங்கும் தலைமையாசிரியரிடம் ஒன்றாம் வகுப்பைத்தான் கேட்பேன்.