ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பயிற்சியோடு மாஸ்டர்ஸ் படிக்க முடியுமா?

கேள்வி:
இங்கிலாந்தில் ஜி.பி. பயிற்சி, இரண்டாம் வருடம். கூடவே பொதுச் சுகாதாரத்தில் பகுதிநேர மாஸ்டர்ஸ் சேர ரொம்ப ஆசை, ஆனால் ஏ.கே.டி. (ஜி.பி. ஆவதற்கான மருத்துவ அறிவுத் தேர்வு) நெருங்குகிறது, வீட்டில் ஒரு வயதுக் குழந்தை வேறு. படித்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
முழு மாஸ்டர்ஸ் 180 கிரெடிட், எடுத்த எடுப்பிலேயே அதில் இறங்காதீர்கள். 60 கிரெடிட் சான்றிதழ் படிப்பில் சேருங்கள், பிடித்தால் அதையே வைத்து மேலே தொடரப் பல பல்கலைக்கழகங்களில் வழி உண்டு. நான் அப்படித்தான் படித்தேன், இரவுப் பணி முடிந்து கார் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து கட்டுரை தட்டியிருக்கிறேன்.

பதில் 2:
மூன்றாம் வருடம் மட்டும் வேண்டாங்க. அப்போதுதான் எஸ்.சி.ஏ. (நோயாளியாக நடிப்பவரோடு பேசி ஆலோசனை நடத்திக் காட்டும் தேர்வு) வரும். அதில் 12 கேஸ், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம். தினமும் யாரோடாவது பேசிப் பழகினால்தான் கைவரும். குழந்தை இருப்பதால் குறைந்த நேரப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். சம்பளம் குறையும், பயிற்சிக் காலம் நீளும்.

கேட்டவர்:
சரி, முதலில் ஏ.கே.டி. முடியட்டும். அப்புறம் சான்றிதழ் படிப்பு.