நாலாம் வகுப்பு ஆங்கில இலக்கணம்: சொல்லித்தர ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். மகள் நாலாம் வகுப்பு, சமச்சீர் பாடத்திட்டம். 'ஷி கோஸ் டு ஸ்கூல்' என்பதைக் கேள்வியாக மாற்றச் சொன்னால் 'டஸ் ஷி கோஸ்' என்றே எழுதுகிறாள். 'டஸ்' வந்துவிட்டால் வினைச்சொல்லில் அந்த 'எஸ்' நிற்காது என்று விளக்கினால் தலையாட்டுகிறாள். அடுத்த வரியிலேயே மறுபடி அதே. தமிழில் 'போகிறாள்' என்பதோடு ஒரு 'ஆ' சேர்த்தால் கேள்வி தயார், வினைச்சொல்லைத் தொடவே வேண்டாம். அந்தப் பழக்கம்தான் போல. 'டிட்' வந்தாலும் இதே கதை: 'டிட் ஷி வென்ட்'.

விதியை மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டியூஷனும் வேண்டாம், ஒன்பது வயதுக்கு அது அதிகம். இங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் யாராவது இருந்தால், சொல் அட்டைகளை வைத்து விளையாட்டாகச் சொல்லித்தர வழி உண்டா? அச்செடுக்கும்படி பயிற்சித்தாள் இருந்தாலும் பகிருங்கள். விளக்கம் தமிழில் இருந்தால் நல்லது. மாலையில் அவளைப் படிக்கவைப்பது பாட்டிதான்.