அழுங்குக் கவசம்: ஃபோமில் சொந்தமாக வடிவமைத்துச் செய்த அனுபவம்

காஸ்ப்ளேவுக்காக, அதாவது ஒரு கதாபாத்திரத்தைப்போல வேடமிடுவதற்காக, சினிமாவிலோ கேமிலோ வந்த கவசத்தைச் செய்யும்போது ஸ்கிரீன்ஷாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். சொந்தமாக ஒரு வடிவம் செய்ய இறங்கினால் அந்த வசதி கிடையாது. தோள் இவ்வளவு அகலமாக இருக்கலாமா, இந்த இடத்தில் எதற்கு ஒரு தகடு என்று ஒவ்வொன்றுக்கும் நாமே காரணம் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தக் காரணங்களை எல்லாம் கொடுத்தது ஒரு விலங்கு. சொந்த வடிவம் செய்ய நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

அந்த விலங்கு அழுங்கு. நம் ஊர்க் காடுகளிலும் கரடுகளிலும் இருக்கிற, உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி. இந்திய அழுங்குக்கு மொத்தம் 160 முதல் 200 செதில்கள் வரை இருக்கும். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் அந்தச் செதிலும். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், மென்மையான வயிறு உள்ளே போய்விடும். இந்தியாவில் அழுங்குச் செதில்களைக் கோத்து, பொன் வேலைப்பாடு செய்த ஓர் அங்கி 1820-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசாகப் போனது. இன்றைக்கு அது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்தபோது அழகும் வேதனையும் சேர்ந்தே வந்தது. ஓர் உயிரையும் கொல்லாமல் அதே அழகைக் கொண்டுவர முடியும் என்று காட்ட வேண்டும் போல இருந்தது. என் கதாபாத்திரம் அங்கேதான் பிறந்தாள்: அழுங்குகளைக் காக்கிற ஒரு காட்டுக் காவல்காரி.

முதலில் நான் வரைந்த படங்கள் எல்லாம் வழக்கமான கவசப் படங்கள்தான். மார்புத் தகடு, வயிற்றுத் தகடு, பெரிய தோள். அப்புறம் அழுங்கின் படங்களை உட்கார்ந்து கவனித்தேன். அதற்கு வயிற்றில் செதில் கிடையாது. கால்களின் உள்பக்கத்திலும் கிடையாது. செதில் எல்லாம் முதுகிலும் பக்கவாட்டிலும் கால்களின் வெளிப்புறத்திலும் வாலிலும்தான். அப்படியானால் என் காவல்காரிக்கும் முன்பக்கம் ஏன் மூட வேண்டும்? மார்புத் தகட்டை முழுக்க எடுத்துவிட்டேன். முன்னால் மண் நிறத்தில் ஒரு கைத்தறிச் சட்டை மட்டும். முதுகு, தோள், கைகளின் வெளிப்பக்கம், தொடையின் பக்கவாட்டு, வால் இவற்றில் மட்டும் செதில்.

இந்த ஒரு முடிவிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஃபோம், அதாவது ரப்பர் போன்ற மெத்தென்ற ஷீட், காற்றை விடாது. மார்பையும் முதுகையும் சேர்த்து மூடிக்கொண்டு சென்னையில் ஒரு நாள் முழுக்க நிற்பது உடம்புக்கு நல்லதல்ல. முன்பக்கம் திறந்திருந்ததால் வியர்வை காய வழி இருந்தது, மூச்சு வாங்கவில்லை, உட்காரவும் முடிந்தது. அக்குளிலும் முழங்கையின் உள்மடிப்பிலும் செதில் வைக்காததால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடிந்தது. அழுங்கு மரம் ஏறும், குழி தோண்டும், சுருளும். அது அசைகிற விதத்துக்கு ஏற்பத்தான் அதன் செதில் அமைந்திருக்கிறது. நான் அதைப் பின்பற்றினேன், அவ்வளவுதான்.

அளவு எடுத்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் சொந்த ஊர் ஆம்பூர். ஷூ கம்பெனிகள் நிறைந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். காஸ்ப்ளே செய்கிறவர்கள் உடம்பில் கிளிங் ஃபிலிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் டக்ட் டேப் ஒட்டி, மார்க்கரால் கோடு போட்டு, வெட்டி எடுத்து அட்டையில் விரிப்பார்கள். என் அக்கா எனக்கு அப்படி டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்து எட்டிப் பார்த்தார். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நாங்க லாஸ்ட் மேல டேப் ஒட்டித்தானம்மா டிசைன் எடுப்போம். அதையேதானே நீயும் பண்ற?” என்றார்.

லாஸ்ட் என்பது பாத வடிவத்தில் இருக்கிற அச்சு. அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு வரைந்து, உரித்துத் தட்டையாக்கித்தான் ஷூவின் மேல்பாகத்துக்கு அளவு எடுக்கிறார்கள். அன்று சாயங்காலம் முழுக்க மாமா என்னோடு உட்கார்ந்துவிட்டார். வளைந்த பரப்பைத் தட்டையாக்கும்போது எங்கே சுருக்கம் விழுகிறதோ அங்கே முக்கோணமாக ஒரு வெட்டு கொடுக்கச் சொன்னார். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில், வெட்டுவதற்கு முன்பே குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் போட்டுவைக்கச் சொன்னார், ஒட்டும்போது கோடும் கோடும் சேர்ந்தால் போதும் என்று. இடது வலது, மேல் கீழ் என்று ஒவ்வொரு துண்டிலும் எழுதவைத்தார். எத்தனையோ வீடியோக்களில் துண்டு துண்டாகப் பார்த்ததை எல்லாம் ஒரே மாலையில் கோவையாகச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் வீட்டில் தையல், தச்சு, தோல் வேலை எது தெரிந்தவர் இருந்தாலும் அவரிடம் முதலில் போய் உட்காருங்கள்.

தடிமன் கணக்கு ஒன்றை மட்டும் நான் அவருக்குச் சொன்னேன். 10 மில்லிமீட்டர் ஃபோமை உடம்பைச் சுற்றி வளைத்தால் வெளிச்சுற்று உள்சுற்றைவிட ஆறு சென்டிமீட்டருக்குமேல் கூடும். அதனால் டேப்பில் எடுத்த அளவை அப்படியே வெட்டினால் தடித்த ஃபோம் இறுக்கும். மெல்லிய ஃபோமில் இந்த வித்தியாசம் குறைவு. நான் தோளுக்கும், அழுங்குக்கு இருப்பதுபோன்ற நகங்களுக்கும் மட்டும் 10 மில்லிமீட்டர், செதில்களுக்கு 5, வாலுக்கு 2 என்று பிரித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபோம் என்று நாம் சொல்வது ஈவிஏ, அதாவது எத்திலீன் வினைல் அசிடேட். ஜிம்மில் தரையில் கோத்துப் போடுகிற மேட்டும் அதுதான், ரப்பர் செருப்பின் அடிப்பாகம் பலவும் அதுதான். காஸ்ப்ளேவுக்கென்று விற்கிற ஷீட்டைத் தேடி இணையத்தில் அதிக விலை கொடுப்பதைவிட, சென்னையில் இருப்பவர்கள் பெரியமேட்டில் செருப்பு, தோல் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். மென்மையானது, கெட்டியானது என்று ரகம் ரகமாக இருக்கும். கையால் மடித்துப் பார்த்து வாங்கலாம். மடித்த இடத்தில் வெடிப்போ, நிற்கிற மடிப்போ விழுந்தால் அந்த ஷீட் வேண்டாம்.

வெட்டுவதற்குப் புது பிளேடு போட்ட கட்டர் போதும். மழுங்கிய பிளேடு ஃபோமைப் பிய்த்துவிடும், அதனால் நுனியை அடிக்கடி ஒடித்துப் புதிதாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து அளவுகளில் செதில் அட்டை வைத்துக்கொண்டேன். அழுங்குக்குத் தலையிலும் கால்களிலும் செதில் சின்னது, நடுமுதுகில் பெரிது. அதேபோல என் கழுத்தருகே சின்னதில் தொடங்கி, முதுகில் பெரிதாகி, மணிக்கட்டில் மறுபடி சின்னதாகும். மொத்த எண்ணிக்கையை 200-க்குள் நிறுத்திக்கொண்டேன். உண்மையான அழுங்கின் கணக்கைத் தாண்ட மனம் வரவில்லை.

ஒவ்வொரு செதிலின் ஓரத்தையும் சரிவாகச் சீவி, மேலே பிளேடால் ஆழமில்லாமல் நீளக் கீறல்கள் போட்டேன். பிறகு சூடான காற்றை வீசும் ஹீட் கன்னைக் காட்டினால் அந்தக் கீறல்கள் தானாக விரிந்து வரிகளாக நிற்கும். இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த கணம் இதுதான். தட்டை ரப்பர்த் துண்டு, சூடு பட்டதும் உயிருள்ள ஒன்றின் செதிலாக மாறும். அதே சூட்டில் ஃபோமின் மேற்பரப்பில் இருக்கும் நுண்துளைகளும் மூடிக்கொள்ளும். மேற்பரப்பு லேசாக மினுங்கினால் போதும், உடனே நகர்ந்துவிட வேண்டும். சூடு இருக்கும்போதே ஒரு சட்டியின் மேல் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் வளைவு நிற்கும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 என்ற ரப்பர் பசையைப் பயன்படுத்தினேன். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்த பின் நகர்த்த முடியாது. அதன் வாடை உடம்புக்குக் கெடுதல், மூடிய அறையில் செய்யவே கூடாது. நான் மொட்டை மாடியில் செய்தேன். ஃபோமை உப்புத்தாளில் தேய்க்கும்போது பறக்கிற தூளுக்கும் முகக்கவசம் கட்டாயம்.

செதில்களைக் கெட்டியான கேன்வாஸ் துணி அங்கியில்தான் பதித்தேன். ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்வதைப்போல, கீழ் வரிசையில் தொடங்கி மேலே போக வேண்டும். ஒவ்வொரு செதிலும் மேல்நுனியில் மட்டுமே துணியோடு பிடித்திருக்கும், மீதிப் பகுதி சுதந்திரமாகத் தொங்கும். அப்போதுதான் குனிந்தால் விரியும், நிமிர்ந்தால் மூடும்.

இந்த இடத்தில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். என் பை அறுந்ததைத் தைக்க எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கிற அண்ணனிடம் போயிருந்தேன். கையில் செதில் பதித்த துண்டு ஒன்று இருந்தது. வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், “சொல்யூஷனை மட்டும் நம்பாதம்மா. வெயில்ல இளகும், வேர்வையில விட்டுப்போகும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தையல் போடு” என்றார். மெழுகு தேய்த்த நூலையும் குத்தூசியையும் எப்படிப் பிடிப்பது என்று அங்கேயே உட்காரவைத்துக் காட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார், முடிந்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை. இந்த வகைப் பசை சூட்டில் பிடி விடும். கவசத்தை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் ஒட்டியதும் வளைத்ததும் இரண்டுமே கெடும். தைத்த செதில்களில் ஒன்றுகூட, கவசத்தைப் போட்டுக்கொண்டு போன அன்றைக்கு உதிரவில்லை.

வண்ணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் கலந்த வெள்ளை ஃபெவிகால் சில பூச்சு, அதன்மேல் அடர் பழுப்பு அக்ரிலிக், பிறகு கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷில் காவி மஞ்சளைத் தொட்டு ஓரங்களில் மட்டும் இழுத்தேன். பெரிய தகடாகச் செய்தால் மூட்டு மடியும் இடத்தில் பெயின்ட் வெடிக்கும். தனித்தனிச் செதில்களில் எதுவும் மடிவதில்லை, அதனால் வெடிப்பும் இல்லை. வாலைத் துண்டு துண்டாகச் செய்து உள்ளே அகலமான எலாஸ்டிக் பட்டை ஓடவிட்டேன், பெல்ட்டில் கிளிப் போட்டுக் கழற்றலாம். ரயிலில் கொண்டுபோக அது ரொம்ப உதவியது.

காமிக்ஸ், சினிமா, கேம் ரசிகர்கள் கூடுகிற விழாவான காமிக் கான் சென்னையில் முதல்முறையாக 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. பிப்ரவரி மூன்றாம் சனிக்கிழமை உலக அழுங்கு நாள். அந்த ஆண்டு அது 17-ஆம் தேதியே வந்தது. தெரிந்த நிமிடத்திலேயே அன்றைக்குத்தான் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

உள்ளே நுழைந்ததிலிருந்து எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “இது எந்த கேரக்டர்?” என்பதுதான். சொந்தமாக வடிவமைத்தவர்களுக்கு இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. இரண்டே வரியில் சொல்கிற மாதிரி ஒரு கதையைத் தயாராக வைத்திருங்கள். “அழுங்குகளைக் காக்கிற காட்டுக் காவல்காரி. அழுங்கு மாதிரியே முன்னால் கவசம் கிடையாது, ஆபத்து வந்தால் சுருண்டுகொள்வாள்” என்பேன். சொல்லிவிட்டு உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக் காட்டுவேன். முதுகுச் செதில்கள் எல்லாம் விரிந்து என்னை மூடிக்கொள்ளும். குழந்தைகள் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். ஒரு சிறுமி என் பக்கத்திலேயே உட்கார்ந்து அதேபோலச் சுருண்டுகொண்டாள்.

ஒரு இளைஞர் செதிலைத் தொட்டுப் பார்த்து, “நிஜச் செதிலா? எங்கே கிடைக்கும்?” என்று ஆர்வமாகக் கேட்டார். அவருக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பேசினேன். அழுங்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செதிலை வாங்குவதும் விற்பதும் குற்றம், மருந்து என்ற நம்பிக்கையில் உலகமெங்கும் கடத்தப்படுகிற விலங்கு இது என்று சொன்னேன். நகத்தில் இருக்கும் அதே பொருள்தான் செதிலிலும் என்றதும் தன் விரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஃபோம் எங்கே வாங்கினேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

பேரனோடு வந்த ஒரு தாத்தா மட்டும் எதுவும் கேட்கவில்லை. தூரத்திலிருந்தே, “டேய், அழுங்குடா இது!” என்றார். ஜவ்வாது மலைப் பக்கம் பிறந்தவராம். சின்ன வயதில் இரவு நேரத்தில் பாதையில் உருண்டு கிடந்த ஒன்றைப் பார்த்ததையும், தன் அப்பா அதைத் தொடக்கூடாது என்று சொல்லித் தன்னைத் தள்ளி நிறுத்தியதையும் பேரனுக்கு என் முன்னாலேயே சொன்னார். வாலைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “வால் இன்னும் அகலமா இருக்கும்மா, உடம்போட சேர்ந்து இறங்கும்” என்றார். அன்றைக்குக் கிடைத்த பாராட்டுகளில் எல்லாம் எனக்குப் பெரியது இதுதான்.

வாலின் அடியை இப்போது அவர் சொன்னபடி அகலமாக்கிக்கொண்டிருக்கிறேன். செதில் ஒவ்வொன்றும் தனியாகத் தைத்திருப்பதால் வேண்டிய வரிசையை மட்டும் பிரித்தால் போதும். ஐந்து அளவு அட்டைகளும் பத்திரமாக இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அளவு குறித்துத் தருகிறேன்.